எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரை கல்மரப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், கல்மரத்துக்குள்ள இருக்கிறத உடைக்காம பார்க்க முடியுமா?" சி.டி. ஸ்கேன் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அது அரைகுறைப் பதில் என்பது பிறகுதான் உறைத்தது.

ஸ்கேன் தருவது படமன்று, எண்கள். உடலைச் சிறுசிறு பெட்டிகளாகக் கருதி, ஒவ்வொன்றும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண்: காற்று −1000, தண்ணீர் 0, மூளைத் திசு 30–40, புதிதாக உறைந்த இரத்தம் சுமார் 70, கெட்டி எலும்பு 1000-ஐ ஒட்டி. (பல கோணக் கதிர்ப்படங்களிலிருந்து உள்ளுருவத்தைக் கணக்கிட 1971-இல் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் தந்த முறையை வகுப்பில் சொல்லாமல் விடக்கூடாது.) எந்த எண்ணுக்கு நிறம், எது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியவேண்டும் என்பதை முடிவு செய்வது மனிதர்.

இதை ஆறு ஓ.எச்.பி. தாள்களில் செய்து பார்த்தோம். தாளுக்கு 8 × 8 கட்டம். தலை ஒன்றின் எண்களை நானே எழுதிக் கொடுத்தேன். விதி: 300-க்கு மேல் இருந்தால் நிறம் தீட்டு, மற்றதை விடு. இடையிடையே அட்டைத் துண்டு வைத்து அடுக்கிச் சன்னலருகே பிடித்ததும் மண்டையோடு அழகாகத் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நடுத்தாள்களில் நான்கு கட்டங்களில் 70 எழுதியிருந்தேன். அந்த இரத்தக் கட்டி ஒருவர் கண்ணிலும் படவில்லை. விதி அதற்கு இடமே தரவில்லை.

விதியை மாற்றினோம்: 60 முதல் 80 வரை சிவப்பு, எலும்புக்கு மெல்லிய கோடு மட்டும். கட்டி தெரிந்தது. கூடவே எலும்பின் ஓரத்திலும் சில கட்டங்கள் சிவந்தன! பாதி எலும்பும் பாதி காற்றும் கலந்த பெட்டியின் சராசரியும் 70-க்கு அருகில் வரலாம். குறை எண்களோடு சராசரி காண இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. எண்ணை மட்டும் நம்பினால் போதாது என்று புரிந்ததும், ஒரு குழு தானாகவே வழி சொன்னது: நடுவில் ஒரு சிவப்புக் கட்டத்தில் தொடங்கி, பக்கத்திலோ மேல்கீழ்த் தாளிலோ அதைத் தொடும் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஈரத்துணியால் துடைப்பது. மருத்துவ மென்பொருள்களிலும் இப்படி ஒரு வழி உண்டு.

பிறகு அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்பினேன். கல்மரத்தில் மரப்பொருள் போய்ச் சிலிக்கா நிறைந்துவிட்டது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எந்த விதியாலும் பிரிக்க முடியாது.

"அப்போ அறுத்துத்தான் பார்க்கணுமா சார்?"

ஆமாம், மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள் என்றேன்.