டிவிடி சப்டைட்டிலுக்கு நாலே கலர்தான்!

போன செமஸ்டர்ல எடுத்த குறும்படத்தை டிவிடியில போட்டு நண்பன் வீட்டுக்குக் கொண்டு போனோம். அவனோட அம்மாவுக்குக் காது கேட்காது. சப்டைட்டில்தான் அவங்களுக்கு வசனம். ஹீரோ வெள்ளைச் சட்டையில வந்ததும் வெள்ளை எழுத்து காணாமப் போச்சு. அம்மா திரும்பி எங்க முகத்தைப் பார்த்தாங்க. தப்பு என்னோடது. அதான் இந்தப் பாடம்.

டிவிடியில சப்டைட்டில் என்பது எழுத்து இல்ல, படம். வீடியோ மேல ஒட்டுற மெல்லிய ஸ்டிக்கர்னு வெச்சுக்கோங்க. அதுல ஒரு பிக்சலுக்கு 2 பிட்தான். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் ஞாபகம் இருக்கா? 2 பிட்னா 4 மதிப்பு. அதனால ஒரு நேரத்துல நாலு கலர்தான். அந்த நாலையும் 16 கலர் உள்ள ஒரு பேலட்டிலிருந்து எடுக்கணும். ஒவ்வொரு கலருக்கும் ஒபாசிட்டி தனி: 0 முதல் 15 வரை. 0 வெச்சா அந்தக் கலர் கண்ணுக்கே தெரியாது.

நாலுக்கும் ஆளுக்கொரு வேலை:

1. பின்னணி: ஒபாசிட்டி 0. இல்லேன்னா பெட்டி மாதிரி படத்தை மறைச்சிடும்.

2. எழுத்து: வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். ஒபாசிட்டி 15.

3. அவுட்லைன்: கருப்பு, 15. நான் கருப்பைத் தேர்ந்தெடுத்துட்டு ஒபாசிட்டியை 0-லயே விட்டுட்டேன்!

4. ஆன்டி-அலையாஸ்: எழுத்துக்கும் அவுட்லைனுக்கும் நடுவுல வர்ற சாம்பல் நிறம். பால் டிவிடியில மொத்தமே 720 × 576 பிக்சல்தான். இது இல்லேன்னா எழுத்தோட ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

அடர் சிவப்பு, அடர் நீலம் வேண்டாம். பழைய டிவியில மஞ்சள் பின் கேபிள் வழியா பார்த்தா அந்தக் கலர்கள் ஓரத்துல கசியும்.

கடைசியா ஒண்ணு. டிவிடி-ஆர்-ல ஒரு தடவை எழுதிட்டா அழிச்சு எழுத முடியாது. முதல்ல டிவிடி-ஆர்டபிள்யூ-ல போட்டு, ரொம்ப வெளிச்சமான காட்சி ஒண்ணு, இருட்டான காட்சி ஒண்ணு, ரெண்டையும் டிவியில ஓட்டிப் பாருங்க. நான் இருட்டுக் காட்சியை மட்டும் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு ஓகே சொல்லிட்டேன்.

அடுத்த வாரம் புது டிஸ்க்கோட மறுபடி போனோம். அதே வெள்ளைச் சட்டைக் காட்சி. இந்தத் தடவை ஜோக் வந்த இடத்துல அம்மா எங்களுக்கு முன்னாடியே சிரிச்சுட்டாங்க.