இறுதி நாட்களுக்குரிய இல்லத்தை எவ்வாறு மதிப்பிடுவது?



திருவரங்கம் பெரிய கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி ஒன்று இருப்பதைத் தீவில் குடியிருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். முற்காலத்தில் அக்கோயிலைச் சார்ந்து ஆரோக்கியசாலை ஒன்று நடந்து வந்தது. கருடவாகன பட்டர் என்பவர் அதனைப் புதுப்பித்த செய்தியைக் கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், ஆதுலசாலை ஒன்று இருந்தது. ஆதுலர் என்றால் நோயாளிகள்.

திருமுக்கூடல் கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? நோயாளிகளுக்கு 15 படுக்கைகள், வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து மூலிகை கொண்டுவருவோர் இருவர், பணிவிடை செய்யும் பெண்கள் இருவர், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள், இரவில் எரியவேண்டிய ஒரு விளக்கு. தருமத்தை ஏற்படுத்தியவர்கள், "இங்கே நோயாளிகள் அன்போடு கவனிக்கப்படுவார்கள்" என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடவில்லை. எத்தனை பேர், என்ன மருந்து, இரவில் என்ன ஏற்பாடு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வருகிறவர் எவரும் அதைப் படித்துப் பார்த்து, சொன்னபடி நடக்கிறதா என்று கேட்கலாம். இக்கட்டுரையின் பாடமும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். உறையூரில் வசிக்கும் ஒரு மாணவியின் பாட்டிக்கு வாயில் புற்றுநோய். இனி நோயைக் குணப்படுத்த இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். அப்பா வேலைக்குப் போகவேண்டும். அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை. பாட்டி இரவெல்லாம் வலியால் முனகுகிறார். உறவினர் ஒருவர் ஓர் இல்லத்தின் பெயரைச் சொல்கிறார். அங்கே சேர்க்கலாமா? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தனித்து வாழும் முதியோருக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும். பள்ளிச் சேர்க்கைக்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், பெற்றோரின் கடைசி நாட்களை ஒரே ஒருவர் சொல்கேட்டு ஒப்படைத்துவிடுகிறோம்.

முதலில், இத்தகைய இல்லம் என்றால் என்ன என்று அறிவோம். ஆங்கிலத்தில் இதனை ஹாஸ்பிஸ் என்பர். இச்சொல்லின் இலத்தீன் வேர் விருந்தினரை உபசரிப்பதைக் குறிக்கும். குணமாக்க இயலாத நோயுடையவரை வலியின்றி, மதிப்போடு, தனிமையின்றி வாழவைப்பதே இதன் நோக்கம். மருத்துவர்கள் இதனைப் பாலியேட்டிவ் கேர், அதாவது நோய்தணிப்புப் பராமரிப்பு என்பார்கள். சாவை விரைவுபடுத்துவது இதன் வேலையன்று. பயனற்ற சிகிச்சைகளால் சாவை இழுத்தடிப்பதும் அன்று.

இப்பணியில் அருட்சகோதரியரின் பங்கு பெரிது. அயர்லாந்தின் அறச்சகோதரிகள் சபையார் 1879-இல் டப்ளின் நகரிலும், 1905-இல் லண்டன் ஹாக்னியிலும் இறக்கும் தறுவாயிலுள்ள ஏழைகளுக்காக இல்லங்களைத் திறந்தனர். ஹாக்னியிலுள்ள புனித சூசையப்பர் இல்லத்திற்கு 1958-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் வந்தார். அவர் முன்பு செவிலியராகப் பணியாற்றியவர். சகோதரிகளின் அன்புக்கு அங்கே குறைவில்லை. ஆயினும் வலி பொறுக்கமுடியாமல் நோயாளி கேட்டபின்பே மருந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. வலி திரும்புவதற்கு முன்பாகவே, மணி தவறாமல் மார்பின் கொடுக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் குறித்து வைத்தார். 1967-இல் அவர் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் உலகெங்கும் முன்மாதிரியானது. வலி உடலில் மட்டுமன்று, மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது என்று அவர் போதித்தார்.

நம் நாட்டில் அன்னை தெரசா 1952-இல் கொல்கத்தா காளிகாட்டில் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் தொடங்கினார். தெருவில் கிடந்தவர்களை எடுத்து, கழுவி, உணவூட்டி, கையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பணியை உலகமே போற்றியது. 1994-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் பாக்ஸ் அங்கே சென்று பார்த்தார். தூய்மையையும், புண்களைக் கவனிக்கும் முறையையும், கனிவையும் அவர் பாராட்டினார். ஆனால் கடும் வலிக்கான வலுவான மருந்து அங்கில்லை என்றும் எழுதினார். அதனைப் படித்துப் பலர் வருந்தினர். வேறு மருத்துவர்கள், இந்தியாவில் மார்பின் கிடைப்பதே அரிது என்று சுட்டிக்காட்டினார்கள். அதுவும் உண்மையே. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால் மருத்துவமனைகளே மார்பினை வாங்கி வைக்க அஞ்சின. அபினி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நம் நாட்டில், நம் நோயாளிகளுக்கு வலி மருந்து இல்லாமல் போயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இன்று அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்பினை முறைப்படி வைத்துக்கொள்ளலாம்.

இந்நிகழ்ச்சியை அன்னையைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அன்பு இருக்கும் இடத்திலும் அறிவு தேவை என்பதற்காகவே எழுதுகிறேன். வலியைத் தாங்குவதே புண்ணியம், மருந்து கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உண்டு. திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. கடும் வலியைத் தணிக்க வேறு வழியில்லாதபோது, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் வலி மருந்தைக் கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே மருத்துவர்களிடம் கூறினார். நோய்தணிப்புப் பராமரிப்பை அன்பின் ஒரு சிறந்த வடிவம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போற்றுகிறது.

இனி உறையூர்ப் பாட்டிக்காக ஓர் இல்லத்தைப் பார்க்கப் போவோம். எட்டுக் கேள்விகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, உரிமம். அரசுப் பதிவு நடப்பில் உள்ளதா? பொறுப்பு மருத்துவர் யார்? வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? இது வெறும் காகித விஷயமன்று. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்து இல்லம் ஒன்றைப் பற்றிப் புகார் எழுந்தது. அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்தோரை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். நடத்தியவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். ஆயினும் பதிவேடுகளும் உரிமமும் சரியாக இருந்து, வெளியார் வந்து பார்க்கும் வழக்கமும் இருந்தால், நல்ல இல்லத்தின் மேல் வீண்பழி விழாது. கெட்டது மறைந்திருக்கவும் முடியாது.

இரண்டாவது, வலி. வலியின் அளவைச் சுழியிலிருந்து பத்து வரை எண்ணால் சொல்லும்படி நோயாளியைக் கேட்டுக் குறிக்கிறார்களா? உலக சுகாதார நிறுவனம் 1986-இல் மூன்று படிகள் கொண்ட முறையை வகுத்தது: சாதாரண வலி மாத்திரை, அடுத்து அதனினும் வலுவான மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் மார்பின். கூடுமானவரை வாய்வழியாக, மணிப்படி கொடுக்க வேண்டும். "உங்களிடம் மார்பின் மாத்திரை இருக்கிறதா? அதற்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். மார்பின் தொடங்கினால் மலச்சிக்கல் வரும். எனவே அறிந்தவர்கள் அதனோடு பேதி மருந்தும் எழுதுவார்கள். அதைப் பற்றிக் கேட்டால் அவர்களுடைய பயிற்சி விளங்கிவிடும். "பழகிப்போகும், கொடுக்கமாட்டோம்" என்பது சரியான விடையன்று. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்பவர் அடிமையாவது அரிது.

மூன்றாவது, இரவு. இரவு இரண்டு மணிக்குப் பாட்டிக்கு மூச்சுத் திணறினால் வருவது யார்? பயிற்சி பெற்ற செவிலியரா, காவலாளியா? எத்தனை நோயாளிகளுக்கு ஒருவர்? திருமுக்கூடலின் இரவு விளக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உடல் தூய்மை. எழ முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்களா? படுக்கைப்புண் யாருக்கேனும் உண்டா? வாய் சுத்தம் செய்யப்படுகிறதா? பாட்டிக்கு வாயில் புண், நாற்றம் வரும். அதற்கும் மருந்து உண்டு. துர்நாற்றத்திற்காக நோயாளியை ஒரு மூலைக்குத் தள்ளிவைக்கும் இல்லம் நமக்கு வேண்டாம்.

ஐந்தாவது, உண்மை. வந்தவர்கள் பாட்டியோடு பேசுகிறார்களா, அல்லது பாட்டியின் தலைக்கு மேலே அப்பாவோடு மட்டும் பேசுகிறார்களா? தமக்கு என்ன நேர்கிறது என்று நோயாளி அறிய விரும்பினால், மெதுவாக, பொய்யின்றிச் சொல்லத் தெரியவேண்டும்.

ஆறாவது, குடும்பம். விரும்பிய நேரத்தில் வந்து பார்க்கலாமா? ஒருவர் உடன் தங்கலாமா? உணவூட்டவும் புரட்டவும் வீட்டாருக்குக் கற்றுத் தருகிறார்களா? மரணத்திற்குப் பின்னும் துக்கத்தில் இருப்போரை விசாரிக்கிறார்களா?

ஏழாவது, சமயம். நம் திருச்சியில் காவிரித் தீர்த்தமும் துளசியும் கேட்பவர் உண்டு. கலிமா கேட்க விரும்புபவர் உண்டு. நோயில்பூசுதலும் நற்கருணையும் வேண்டுபவர் உண்டு. அவரவர் விசுவாசப்படி அவரவர் விடைபெற வேண்டும். கத்தோலிக்க இல்லமாயினும் இதில் தளர்வு கூடாது. நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்திச் சமயம் புகுத்துவது அன்பாகாது.

எட்டாவது, பணம். கட்டணம் எவ்வளவு, எதெதற்குத் தனியே என்று எழுத்தில் தருகிறார்களா? பணம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்? இலவச இல்லமானால், செலவுக் கணக்கை நன்கொடையாளருக்குக் காட்டுகிறார்களா?

இவற்றுள் வலியும் இரவும் கட்டாயக் கேள்விகள். அவ்விரண்டில் ஒன்றில் தவறினாலும், மற்ற ஆறில் நூற்றுக்கு நூறு பெற்ற இல்லத்தை விட்டுவிடுங்கள். சலவைக்கல் தரையும் பூந்தோட்டமும் பெரிய பெயர்ப்பலகையும் இப்பட்டியலிலேயே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

விடைகளை எழுதும்போது, "சொன்னது" என்று ஒரு பத்தியும் "கண்டது" என்று ஒரு பத்தியும் வையுங்கள். ஒருமுறை காலையில் சொல்லிவிட்டும், மறுமுறை பொழுது சாய்ந்தபின் சொல்லாமலும் போய்ப் பாருங்கள். அங்கே உற்றாரை இழந்த ஒரு குடும்பத்தாரைக் கண்டு, "கடைசி மூன்று நாட்கள் எப்படி இருந்தன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, அச்சிட்ட பத்துத் துண்டறிக்கைகளைவிட மேலானது.

பாட்டி வீட்டைவிட்டு வரமாட்டேன் என்றால்? அதற்கும் வழி உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பயிற்சி பெற்ற சாதாரண மக்களைக் கொண்டே வீடுகளுக்குச் சென்றது. கேரள அரசு 2008-இல் அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், படுக்கையில் இருப்போரை வீட்டிற்கே சென்று கவனிக்கும் செவிலியர் சேவை உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். வீட்டிற்கு வருபவர்களையும் இதே கேள்விகளால் மதிப்பிடுங்கள்: வலிக்கு என்ன மருந்து? இரவில் யாரை அழைப்பது?

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். நல்ல இல்லத்தை நடத்துவோர் இக்கேள்விகளை வரவேற்பார்கள். தம் குறையையும் ஒளிக்காமல் சொல்வார்கள். குறையே இல்லாத இல்லம் எங்கும் இல்லை.

நல்ல சமாரியர் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். காயமுற்றவனைக் கண்டு அவர் மனமிரங்கியதோடு நிற்கவில்லை. காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார். அதுவே அக்கால மருந்து. பின்பு சாவடிக்குக் கொண்டுபோய், அன்றிரவு தாமே உடனிருந்து கவனித்தார். மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றார். திரும்பி வருவேன் என்று சொன்னவர், வந்து பார்க்கவும் போகிறார் அல்லவா? நம் பாட்டியை ஒப்படைத்துவிட்டு வரும் நாமும் அவ்வாறே மீண்டும் மீண்டும் போய்ப் பார்ப்போமாக. நல்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பர், இன்றிரவு வலியோடு விழித்திருக்கும் அனைவருக்காகவும், அவர்களுக்கு அருகில் விழித்திருப்போருக்காகவும் வேண்டுவாராக.