டீசல் கொட்டிய மண்ணைத் திருத்தும் பாக்டீரியா

வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் பால்போல் கலந்துவிடும். பூச்சிக்கு மருந்து தெளிக்கும் விவசாயிகள் அறிந்த இந்த வேலையை மண்ணில் உள்ள சில பாக்டீரியாக்களும் செய்கின்றன. சோப்பை மட்டும் அவை கடையில் வாங்குவதில்லை. தாமே சுரந்து கொள்கின்றன.

சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியா சுரப்பது ராம்னோலிப்பிட். பாசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் சர்ஃபாக்டினை 1968-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இவற்றால் எண்ணெய் சிறு துளிகளாக உடைகிறது. பாக்டீரியா அதை எளிதில் தின்று தீர்க்கிறது. பாறையில் ஒட்டிய கச்சா எண்ணெயைப் பெயர்த்தெடுக்க எண்ணெய்க் கிணறுகளிலும் இச்சுரப்புகளைப் பயன்படுத்திப் பார்த்துள்ளனர்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் படிந்த கரையில் உரம் இட்டார்கள். உரமிட்ட பகுதியில் எண்ணெய் விரைவாகச் சிதைந்தது. எண்ணெயில் கரிமம் மட்டுமே மிகுதி; பயிரைப் போலவே பாக்டீரியாவுக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவந்து தூவியதால் அங்கு கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே பொட்டலத்துக்குப் பணம் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பம்பு செட்டு அருகே டீசல் கொட்டிவிட்டால் முதலில் வரப்புக் கட்டி, வாய்க்காலுக்குள் போகாமல் தடுக்க வேண்டும். சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றுவது தவறு. டீசல் கீழே இறங்கிக் கிணற்றை எட்டக்கூடும். மட்கிய தொழு உரத்தைப் பரப்பி, ஒரு சாண் ஆழம் கொத்திவிட வேண்டும். கொட்டிய டீசல் லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 150 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட் என்ற அளவில் இரண்டு மூன்று தவணையாக இடலாம். வாரம் ஒருமுறை கிளறி, ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். நீர் தேங்கக் கூடாது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று அவசியம். சேற்றில் வேலை மிகவும் மந்தப்படும்.

தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூனில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. அத்தகைய பெருங்கசிவுக்கு இந்த வைத்தியம் போதாது. உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்து, மண்ணைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும்.

டீசல் நெடி அடங்கச் சில மாதங்கள் ஆகலாம். அதன்பின் அந்த மண்ணில் ஒரு சட்டியும், நல்ல மண்ணில் ஒரு சட்டியும் நிரப்பி, பத்துப் பத்துத் தட்டைப்பயறு விதைகளை ஊன்ற வேண்டும். இரண்டிலும் முளைப்பு ஒத்திருந்தால் அந்த இடத்தில் பயிர் வைத்துப் பார்க்கலாம்.