இருட்டில் வரைந்த கோடு

இந்த செமஸ்டர் விடுமுறையில் வீட்டு ஹாலில் ஒரு சோதனை செஞ்சேன். காசு அதிகம் செலவாகாது, நீங்களும் செய்யலாம். முதல்ல செய்முறை, அப்புறம் எங்க பாட்டி கதை.

சாதாரணமா போட்டோ எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் கண் சிமிட்டும் நேரம்கூடத் திறந்திருக்காது. அதையே 15 விநாடி திறந்து வெச்சா என்ன ஆகும்? அந்த 15 விநாடியில் விழுந்த வெளிச்சம் எல்லாம் ஒரே படத்தில் சேரும். இருட்டு அறையில் ஒரு சின்ன விளக்கை அசைச்சா, அது போன பாதை முழுக்க ஒளிக்கோடாகப் பதியும். இதைத்தான் 'லைட் பெயிண்டிங்' என்கிறோம். 1949-ல் ஜோன் மிலி என்ற புகைப்படக் கலைஞர், ஓவியர் பிக்காசோவின் கையில் சின்ன விளக்கைக் கொடுத்து காற்றில் வரைய வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

என்ன வேண்டும்?

'மேனுவல்' அல்லது 'ப்ரோ' மோட் உள்ள கேமரா அல்லது கைப்பேசி. டிரைபோட் இல்லையா? நான் மைலோ டின் மேல் ஒரு அரிசிப் பையை வெச்சு, அதில் கேமராவை அழுத்தி உட்கார வெச்சேன். ஆடவே இல்லை. அப்புறம் ஒரு சின்ன டார்ச்லைட்.

எப்படிச் செய்வது?

1. ஐ.எஸ்.ஓ-வை 100-ல் வையுங்கள். 'ஆட்டோ'வில் விடாதீர்கள்.
2. ஷட்டர் 15 விநாடி. கேமராவாக இருந்தால் அப்பெர்ச்சர் எஃப் 8. கைப்பேசியில் இது பெரும்பாலும் மாறாது, விட்டுவிடலாம்.
3. விளக்கு எரியும்போதே, ஆள் நிற்கும் இடத்தில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவலில் பூட்டுங்கள். இருட்டில் கேமராவால் ஃபோகஸ் தேட முடியாது.
4. 2 விநாடி டைமர் போடுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டம் படத்தில் வராது.
5. விளக்கை அணைத்துவிட்டு வரையுங்கள்.

என் முதல் படம் வெறும் வெள்ளை. சமையலறை விளக்கை அணைக்க மறந்துட்டேன். 'நேரத்தைக் குறைச்சா கோடு மங்கிடுமே'ன்னு பயந்தேன். அது தப்பு. டார்ச் ஒரு புள்ளியில் நிற்பது ஒரு நொடியில் ஒரு சின்னப் பங்குதான். அதனால் கோட்டின் பிரகாசம் கை போகும் வேகத்தையும், ஐ.எஸ்.ஓ, அப்பெர்ச்சரையும் பொறுத்தது. ஷட்டர் 15 விநாடியா 30 விநாடியா என்பது அதை மாற்றாது. ஆனால் அசையாமல் நிற்கும் சுவரும் சோபாவும் நேரம் கூடக்கூட வெளிச்சமாகும். ஆகவே பின்னணி வெளுத்தால் நேரத்தைக் குறையுங்கள், கோடு மங்கினால் கையை மெதுவாக அசையுங்கள்.

அடுத்து தம்பி 'ஓம்' எழுதினான். படத்தில் தலைகீழா இல்லை, இடம் வலம் மாறி வந்துச்சு. கேமராவைப் பார்த்து நின்னு எழுதினா அப்படித்தான் வரும். படத்தை எடிட்டிங்கில் 'ஃபிளிப்' செஞ்சா சரியாயிடும்.

மூணாவது படத்தில்தான் ஆச்சரியம். சைக்கிள் விளக்கை மங்கலான நிலையில் வெச்சு வட்டம் போட்டேன். கோடு துண்டு துண்டா வந்துச்சு! காரணம், பல எல்.இ.டி விளக்குகள் மங்கலாக எரிவதற்காக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சரியாக ஒரு விநாடியில் ஒரு வட்டம் போட்டு, துண்டுகளை எண்ணினால் அந்த விளக்கு விநாடிக்கு எத்தனை முறை எரிகிறது என்பது கிடைத்துவிடும். கை வேகமா போன இடத்தில் துண்டுகள் நீளமா இருக்கும், மெதுவா போன இடத்தில் குட்டையா இருக்கும்.

இதைப் பார்த்ததும் வகுப்பில் படிச்சது ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர் 1910களில் தொழிலாளிகளின் கைகளில் சின்ன விளக்குகளைக் கட்டி, அவர்கள் வேலை செய்யும் அசைவை இப்படித்தான் படம் எடுத்தார்கள். விட்டு விட்டு எரியும் விளக்கால் அசைவின் வேகத்தையும் அளந்தார்கள்.

அதை அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்த பாட்டி, "நாங்களும் தலையில வெளக்கு கட்டிக்கிட்டுத்தான்யா வேலைக்குப் போனோம்" என்றார்.

பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே முதல் மரத்தில் உளி வைப்பாராம். எங்க வீட்டு ஆல்பத்தில் பாட்டியின் கல்யாணப் படம் இருக்கு, திருவிழாப் படம் இருக்கு. வேலை செய்யும் படம் ஒன்றுகூட இல்லை. இருட்டில் நடந்த வேலையை யார் படம் எடுப்பாங்க? அந்தத் தோட்டமும் இப்போ இல்லை.

"பாட்டி, ஒரு தடவை வெட்டிக் காட்டுங்களேன்."

"போடா, அது என்னடா பெரிய வேலை."

கொஞ்சம் கெஞ்சினேன். சைக்கிள் விளக்கை அவர் மணிக்கட்டில் ரப்பர் பேண்டால் கட்டினேன். கரண்டிக் காம்புதான் உளி. விளக்கை அணைத்தேன். டீ கப்பைப் பிடிக்கும்போது நடுங்கும் கை அது. காற்றில் இல்லாத மரத்துக்கு முன்னால் மெதுவாக எழுந்தது. சின்னச் சின்ன இழுப்பாகக் கீழே இறங்கியது. கடைசியில் அவர் முகத்தில் அரை விநாடி டார்ச் அடித்தேன், அப்போதுதான் ஆளும் படத்தில் விழும்.

திரையில் பார்த்தேன். சரிவான ஒரு கோட்டில் 14 சின்ன வளையங்கள். முதல் இரண்டில் நடுக்கம் தெரிஞ்சது. மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. துண்டுகளின் நீளமும் ஒரே மாதிரி, அதாவது ஒரே வேகம்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தப்பா இருக்கே. வெட்டு இப்படிப் போவாது. எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ."

ஃபிளிப் செய்ய மறந்துட்டேன்! மாற்றிக் காட்டியதும், "ஆங், இதான்" என்றார். பட்டையில் பால் வரும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களைத் திறக்கிறது. நான் இதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டிக்குக் கைக்கே தெரியும்.

"ஏன் பாட்டி எல்லாம் ஒரே அளவா இருக்கு?"

"ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மேலாப் போனா பால் வராது. அப்படித்தான் வெட்டணும்."

நான் மூன்று வருஷமாக 'பிரிசிஷன்' என்ற சொல்லைப் படிக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது பாட்டி என்ன வேலை செஞ்சாங்கன்னு நண்பர்கள் கேட்டா, 'வீட்லதான் இருந்தாங்க'ன்னு சொல்லியிருக்கேன். அன்றைக்கு அதைப் பாட்டியிடம் சொல்லிவிட்டேன். "சரி விடு" என்று சொல்லிவிட்டு, படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கோம்.

ஒரு எச்சரிக்கை: இரும்புக் கம்பளியைக் கொளுத்திச் சுழற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், தீப்பொறி தூரம் பறக்கும். கம்பி மத்தாப்பும் உள்ளே வேண்டாம். டார்ச் போதும். இருட்டில் நடக்கும் இடத்தில் நாற்காலி, வயர் எதுவும் இருக்கக் கூடாது. பெரியவங்களை நிற்க வெச்சா, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: முதலில் உங்க பேரை எழுதிப் பழகுங்க. அப்புறம் வீட்டில் கையால் வேலை செஞ்ச ஒருவரைக் கூப்பிடுங்க. பூ கட்டுறவங்க, தையல் தைச்சவங்க, ரொட்டி வீசுறவங்க, யாரா இருந்தாலும் சரி. மணிக்கட்டில் விளக்கைக் கட்டி, விளக்கை அணைச்சுட்டு, அவங்க வேலையைச் செய்யச் சொல்லுங்க. படத்தை முதல்ல அவங்ககிட்ட காட்டுங்க. தப்பு எங்கேன்னு அவங்களே சொல்லுவாங்க.