மலரும் ஒளியும்: படம் பிடிப்போர்க்கு ஒரு பாடம்

நம் சங்கங்களின் அங்கத்தினருள் மலர் பயிரிடுவோரும் உளர். மலரைப் பார்த்துச் சேலையில் புட்டாப் போடுவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் இன்று பொதுவாக வாய்த்திருக்கும் கருவி கைப்பேசியிலுள்ள காமிரா. பயிரிடுவோர் தம் பூவின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகின்றனர். நெசவாளர் பூவின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் போட்ட காகிதத்தில் உருவெழுதுகின்றனர். ஆகவே மலரைப் படம் பிடித்தல் தொழிலின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

ஒரே செடியில் பூத்த மலரை இருவர் படம் பிடிக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் படம் பார்ப்போர்க்கு மகிழ்ச்சி தருகிறது. மற்றவர் படத்தில் ஏதோ துயரம் படிந்திருக்கிறது. மலர் ஒன்றாயிருக்க, உணர்வு மட்டும் ஏன் வேறாயிற்று? ஒளி வந்த திசை வேறு; படத்தின் எல்லைக்குள் மலர் நின்ற இடம் வேறு. இவ்விரண்டையும் முறையாக ஆராய்வோம்.

ஒளியின் தன்மை

நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. அவ்வேளையில் மேலிதழ்கள் வெளுத்துப்போகும். கீழிதழ்களில் கருநிழல் விழும். படம் கடுமையாகத் தோன்றும். மேகம் மூடிய நாளிலோ வானம் முழுவதுமே விளக்காகிறது. ஒளி பல திசையிலிருந்தும் வருதலால் நிழல் மென்மையடைந்து, நிறம் செறிவாகத் தெரியும். படத்தில் அமைதி நிலவும். வெயில் நாளிலும் இவ்வமைதியைப் பெறுதற்கு நெசவாளர் வீட்டிலேயே வழியுண்டு. மெல்லிய வெள்ளைத் துணியொன்றைச் சூரியனுக்கும் மலருக்கும் இடையே விரித்துப் பிடித்தால், இழைகளினூடே வரும் ஒளி பரவி விழும்.

காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்து வருகிறது; சற்று மஞ்சள் கலந்தும் இருக்கிறது. பக்கவாட்டில் விழும் இவ்வொளி இதழின் மடிப்பையும் நரம்பையும் புடைத்துக் காட்டும். ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் இருளுமாக நிற்கும் ரோஜா, சிந்தனையில் ஆழ்ந்திருப்பது போன்ற தோற்றம் தரும். இருள் மிகுதியாயின், மறுபக்கத்தில் வெள்ளைக் காகிதமொன்றை நிறுத்தினால் போதும். அது ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலை இளக்கும்.

ஒளி மலரின் பின்னாலிருந்து வருமாயின், செம்பருத்தி போன்ற மெல்லிதழ்களை அது ஊடுருவுகிறது. மலர் தானே சுடர்விடுவதுபோல் தோன்றி, பார்ப்பவர் உள்ளத்தில் நம்பிக்கையும் கனிவும் எழும். செண்டுமல்லி போன்ற அடுக்குப் பூவிலோ ஓரங்கள் மட்டுமே ஒளிரும்.

வெள்ளைப் பூவுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. காமிரா தானாக ஒளியை அளக்கும்போது காட்சி முழுவதையும் சராசரியாகக் கொள்கிறது. கரும்பச்சை இலைகளிடையே நாலைந்து மல்லிகை மொட்டுகள் இருந்தால், இலையைக் கணக்கிட்டு ஒளியை ஏற்றிவிடும். மொட்டுகள் உருவிழந்து வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். அப்பொழுது திரையில் மொட்டைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். கூடை நிறைய மல்லிகையை மட்டும் எடுக்கையில் இதற்கு மாறாகப் படம் மங்கிச் சாம்பல் நிறமாகும். அங்கு வெளிச்சத்தைக் கூட்டவேண்டும்.

படத்தின் அமைப்பு

மலரைச் சரியாக நடுவில் வைத்தால் நிலைபேறும் கம்பீரமும் தோன்றும். ஓரமாக வைத்து, மலர் நோக்கும் பக்கத்தில் வெற்றிடம் விட்டால், அது எதையோ எதிர்பார்த்திருப்பதுபோல் இருக்கும். அவ்வெற்றிடம் மலருக்குப் பின்புறமாக அமைந்தால் பிரிவும் தனிமையும் புலப்படும். நிமிர்ந்த காம்பு உறுதியையும், சாய்ந்த காம்பு அசைவையும், கவிழ்ந்த காம்பு சோர்வையும் குறிக்கும்.

காமிராவின் உயரமும் கவனிக்கத்தக்கது. மேலிருந்து நோக்கினால் மலர் ஒரு கோலமாகத் தெரியும். புட்டாவுக்கு இது உகந்தது. மலரின் மட்டத்துக்குத் தாழ்ந்து நோக்கினால் நெருங்கிய உறவு தோன்றும். கீழிருந்து வானை நோக்கி எடுத்தால் சிறு பூவும் பெருமை பெறும். பின்னணி எளிதாயிருத்தல் நலம். வாளியும் கயிறும் குறுக்கிட்டால் எந்த உணர்வும் நிலைக்காது.

இரு முன்னோடிகள்

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) என்பவர் பெர்லினில் கைத்தொழிற் கலைப் பள்ளியொன்றின் ஆசிரியராயிருந்தார். அலங்கார வேலை கற்கும் மாணவர்க்குச் செடிகளின் உருவைப் போதிப்பதற்காகவே அவர் மொட்டுகளையும் தண்டுகளையும் படம் பிடித்தார். வெறுமையான பின்னணி, பரவலான பகலொளி, பன்மடங்கு பெரிதாக்கிய உருவம் ஆகியவை அவர் முறை. அவர் படங்களில் இளந்தளிரும் வார்ப்பிரும்பு வேலைப்பாடுபோல் விறைப்பாக நிற்கும். 1928இல் ‘கலையின் மூல வடிவங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் அவை நூலாக வெளிவந்தன.

அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் (1883–1976) அம்மையார், சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தோட்டத்துச் செடிகளைப் படம் பிடித்தவர். 1925இல் அவர் எடுத்த மக்னோலியா மலரின் படம் உலகப் புகழ் பெற்றது. மலரின் நடுத்தண்டு தெளிவாக நிற்க, இதழ்கள் படத்தின் எல்லைவரை விரிந்து, வெண்மையிலிருந்து மென்சாம்பலாக மெல்ல மாறுகின்றன. பார்ப்பவர்க்கு மலரின் மடியில் அமர்ந்திருக்கும் அமைதி உண்டாகிறது.

இருவர் படங்களும் கறுப்பு வெள்ளையே. நிறத்தின் உதவியின்றி ஒருவர் உறுதியையும் மற்றவர் கனிவையும் எழுப்பினர். உணர்வை ஆக்குவதில் ஒளிக்கும் அமைப்புக்கும் உள்ள வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வலிமையும் பொறுப்பும்

இவ்வலிமையே நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. பின்னொளியில் சுடர்விடும்படி எடுத்த படத்தைக் கண்டு விலைபேசிய வியாபாரி, கூடையைத் திறந்ததும் வேறு பூவைக் கண்டதுபோல் ஏமாறினால், மறுமுறை சங்கத்தின் சொல்லை நம்புவாரா? பக்க ஒளிப் படத்தின் நிழலை இதழின் நிறமென்று எண்ணி உருவெழுதினால், தறியில் ஏறியபின் அப்பிழையைத் திருத்த எவ்வளவு ஊடையும் உழைப்பும் வீணாகும்?

ஆதலின் காரியத்துக்கேற்ற ஒளியைத் தேர்தல் வேண்டும். விலை பேசுதற்கும் நிறம் பார்ப்பதற்கும் பரவிய ஒளியில், வெள்ளைக் காகிதமொன்றை மலரருகே வைத்து எடுக்கவேண்டும். காகிதம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், மலரின் நிறமும் அவ்வளவு பிறழ்ந்திருக்கிறது என்று அறியலாம். வடிவம் பயிலப் பக்க ஒளி ஏற்றது. விழா அழைப்புக்கும் நாட்காட்டிக்கும் பின்னொளியின் அழகைத் தாராளமாகக் கொள்ளலாம்.

பயிற்சி

அங்கத்தினர்கள் ஒரு மலரைத் தேர்ந்து, காலை வெயிலில் ஒளி முன்னிருக்க ஒன்றும், பக்கமிருக்க ஒன்றும், பின்னிருக்க ஒன்றுமாக மூன்று படங்கள் எடுக்கவும். பின்னர், மலரை நடுவில் வைத்து ஒன்றும் ஓரத்தில் வைத்து ஒன்றும் எடுக்கவும். ஐந்தையும் வீட்டாரிடம் காட்டி, எப்படம் என்ன சொல்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும். சங்கக் கூட்டத்தில் அக்குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால், பயிரிடுவோர் கண்ணால் நெசவாளரும், நெசவாளர் கண்ணால் பயிரிடுவோரும் மலரைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டும்.