தையலா, ஸ்டேப்ளர் பின்னா?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் சிசேரியன். பின் அடித்தால் புண் சீக்கிரம் ஆறும் என்கிறார்கள். நூல் தையல் பழைய முறையா? பட்டு நூலால் தைப்பார்களா?
– பட்டு நெசவாளர், ஆரணி

பதில்: பின் அடிப்பதால் மிச்சமாவது அறுவை அரங்கில் சில நிமிடங்கள்தான், புண் சீக்கிரம் ஆறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிசேரியனைப் பொறுத்தவரை ஆதாரம் தையல் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் 746 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், பின் போட்டவர்களில் 10.6 சதவீதத்தினருக்குப் புண்ணில் சிக்கல் வந்தது. தையல் போட்டவர்களில் 4.9 சதவீதம்தான். பெரிய வேறுபாடு தொற்றில் அல்ல, புண் வாய் பிளப்பதில் இருந்தது. அங்கே பயன்பட்டது, தோலுக்கடியில் மறைவாக ஓடித் தானே கரையும் நூல். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. பின்னை எடுக்கவோ தனிக் கருவி வேண்டும்.

‘அப்படியானால் பின் எதற்கு?’ என்று கேட்கலாம். தலைக்காயத்துக்கும், நேரம் உயிரைத் தீர்மானிக்கும் அவசர அறுவைக்கும் அது நல்ல கருவி. பழைய முறை என்பது பட்டு நூலுக்கு வேண்டுமானால் பொருந்தும். முடிச்சு நழுவாது என்றாலும், பின்னிய இழைகளுக்கிடையே கிருமி தங்கும். உடலும் அதை அந்நியப் பொருளாக எதிர்க்கும். அதனால் தோலுக்கு இன்று பெரும்பாலும் செயற்கை நூல்தான். கரையும் நூல் தையல் போட முடியுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். பிறகு புண் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லும்வரை மகளைத் தறியில் உட்காரவிடாதீர்கள்.