பக்கத்துப் படகு: காற்று, கம்பி, தண்ணீர்

மெரினான்னு சொன்னா நமக்கெல்லாம் சுண்டலும் மணலும்தான் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரையில் வர்ற மெரினா வேற. சொந்தப் படகுகளையும் யாட்களையும் கட்டி வைக்கிற சின்னத் துறைமுகம் அது. தண்ணீருக்குள் நீளமா ஒரு நடைமேடை இருக்கும். அதன் ரெண்டு பக்கமும் வரிசையா படகுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்லிப். கரண்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் நடைமேடையிலேயே வரும்.

மெரினாவுக்கு வருமானம் ஸ்லிப் வாடகையில்தான். அதனால இடைவெளி குறைஞ்சா லாபம் கூடும். ரெண்டு படகுக்கு நடுவில் கையை நீட்டினா தொடுற தூரம்தான் இருக்குன்னா என்ன ஆகும்? உரசல், கீறல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனா பெரிய பிரச்சினை மூணு வழியா வருது: காற்று, கம்பி, தண்ணீர். மூணுமே நம்ம சிலபஸ்ல இருக்கிற விஷயம்தான்.

1. காற்று: தீ தாவும் தூரம்

இன்றைய படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் கிளாஸ். கண்ணாடி இழை எரியாது. அதைப் பிடிச்சு வச்சிருக்கிற ரெசின் நல்லா எரியும். உள்ளே டீசல், பெட்ரோல், கேஸ் சிலிண்டர், மெத்தை ஃபோம் எல்லாம் இருக்கு.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தை ஞாபகப்படுத்துங்க. தீ தூரத்தில் இருந்தா, தூரம் பாதியாகும்போது கதிர்வீச்சு வெப்பம் சுமார் நாலு மடங்காகும். ரொம்பப் பக்கத்தில் வந்துட்டா அந்தக் கணக்கே பொருந்தாது. அடுத்த படகின் சுவருக்குத் தீயைத் தவிர வேறெதுவும் 'தெரியாது', அதாவது வியூ ஃபேக்டர் 1-ஐ நெருங்கிடும். அந்தச் சுவர் சூடாகி ரெசின் ஆவியாகி, தானே பத்திக்கும். இதோட, கட்டின கயிறு எரிஞ்சு அறுந்தா எரியுற படகு மிதந்து போய் இன்னொரு வரிசையில் ஒட்டிக்கும்.

இது வெறும் தியரி இல்லை. 2020 ஜனவரி 27, நள்ளிரவு தாண்டின நேரம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், ஸ்காட்ஸ்பரோ ஊரில், டென்னசி ஆற்றில் இருக்கிற ஒரு மெரினாவில் தீப்பிடிச்சது. படகையே வீடாக்கி வாழ்ந்தவங்க பலர் உள்ளே தூங்கிட்டு இருந்தாங்க. மர நடைமேடை, மேலே அலுமினியக் கூரை, கரைக்குப் போக ஒரே வழி. தீ அந்த வழியை மறிச்சது. ஜனவரிக் குளிரில் ஆற்றில் குதிக்கிறதைத் தவிர பலருக்கு வேற வழி இல்லை. 8 பேர் இறந்தாங்க, 35 படகுகள் அழிஞ்சது.

தீ ஒரு படகில் பிடிக்கிறதை முழுசா தடுக்க முடியாது. அது 35 படகா ஆனதும், தப்பிக்க வழி இல்லாமப் போனதும் டிசைன் பிரச்சினை. சீரீஸ் சர்க்யூட்ல ஒரு பல்பு போனா எல்லாம் அணையும் இல்லையா? ஒரே நடைமேடை, ஒரே வெளிவழி என்பதும் அதே மாதிரிதான்.

2. கம்பி: எல்லாரையும் சேர்க்கிற எர்த்

ஸ்லிப்பில் நிக்கிற படகு கரையிலிருந்து கரண்ட் எடுக்கும். இதுக்கு ஷோர் பவர்னு பேர். அந்த கேபிளில் எர்த் வயரும் இருக்கு. ஆக, பிளக் மாட்டின எல்லாப் படகின் உலோகப் பாகங்களும் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்கு. வெளியே உப்புத் தண்ணீர், அதாவது எலக்ட்ரோலைட். ரெண்டு வேறவேற உலோகம், நடுவில் எலக்ட்ரோலைட், இணைக்க ஒரு கம்பி. முதல் வருஷ கெமிஸ்ட்ரியின் கால்வானிக் செல் ரெடி!

படகுக்காரங்க ப்ரொப்பல்லரைக் காப்பாத்த ஜிங்க் கட்டி மாட்டுவாங்க. ஜிங்க் தன்னைக் கரைச்சுக்கிட்டு வெண்கலத்தைக் காக்கும். பக்கத்துப் படகில் ஜிங்க் தீர்ந்து போயிருந்தா, உங்க ஜிங்க் எர்த் வயர் வழியா அவங்க ப்ரொப்பல்லரையும் காக்க ஆரம்பிக்கும். எவ்வளவு போகும்? 100 மில்லி ஆம்பியர் ஒரு வருஷம் விடாம ஓடுதுன்னு வைங்க. 0.1 ஆம்பியரை 3,15,36,000 வினாடியால் பெருக்கினா 31,53,600 கூலும். 96,485-ஆல் வகுத்தா சுமார் 32.7 மோல் எலக்ட்ரான். ஒரு ஜிங்க் அணுவுக்கு ரெண்டு எலக்ட்ரான், அதனால 16.3 மோல் ஜிங்க். கிட்டத்தட்ட 1.07 கிலோ! அது தீர்ந்ததும் உங்க படகின் அலுமினியப் பாகங்கள் அரிக்க ஆரம்பிக்கும்.

அப்போ எர்த் வயரை வெட்டிடலாமா? கூடவே கூடாது. லைன் எங்காவது பாடியைத் தொட்டா ஆளைக் கொல்லும். சரியான வழி கால்வானிக் ஐசொலேட்டர். எதிரெதிர் திசையில் வச்ச டையோடுகள், ஒவ்வொரு திசைக்கும் சீரீஸ்ல ரெண்டு. சுமார் 1.2 வோல்ட் வரைக்கும் உள்ள சின்ன டிசியைத் தடுக்கும், ஆனா ஃபால்ட் கரண்டைக் கடத்திடும். இன்னும் நல்லது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

இதைவிடப் பயங்கரமானது தண்ணீருக்குள் கசியும் ஏசி. ஆறு, ஏரி மாதிரி நன்னீர் மெரினாவில் இது அதிகம். நன்னீரைவிட மனுஷ உடம்பு நல்லா கடத்தும், அதனால கரண்ட் நீந்துறவர் வழியாப் போகும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் நம்ம கட்டுப்பாட்டை விட்டுப் போய், நீச்சல் தெரிஞ்சவரும் மூழ்கிடுவார். வெளியே பார்த்தா சாதாரணமா மூழ்கின மாதிரிதான் இருக்கும்.

நெருக்கம் இங்கேயும் வேலையைக் காட்டுது. ஒவ்வொரு படகும் கொஞ்சம் கசிய விடும். எல்லாம் ஒரே ஃபீடரில் கூடும். அமெரிக்க மின் விதிநூலின் 2017 பதிப்பு ஃபீடருக்கும் 30 மில்லி ஆம்பியர் வரம்பு வச்சது. நிறையப் படகு இருக்கிற இடத்தில் பெரிய கோளாறு இல்லாமலே டிரிப் ஆகலாம். 2020 பதிப்பில் ஃபீடருக்கு 100, ஒவ்வொரு ஷோர் பவர் சாக்கெட்டுக்கும் 30 என்று பிரிச்சாங்க. கோளாறு எந்தப் படகிலோ, அது மட்டும் அணையட்டும் என்பதுதான் இதன் லாஜிக்.

3. தண்ணீர்: கரையும் செம்பு

பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க படகின் அடியில் செம்பு கலந்த பெயின்ட் அடிப்பாங்க. செம்பு மெல்லக் கரையணும், அதுதான் அதன் வேலை. ஒரு படகுன்னா கடல் தாங்கும். கலிஃபோர்னியாவில் சான் டியேகோவின் ஷெல்டர் ஐலண்ட் யாட் பேசினில் சுமார் 2,300 படகுகள் நெருக்கமா நிக்குது. தண்ணீர் மாறிப் போறது குறைவு. அங்கே கரைஞ்ச செம்பில் சுமார் 98 சதவீதம் படகுகளின் பெயின்டிலிருந்துதான்னு கணக்கிட்டு, 2005-ல் அதை 76 சதவீதம் குறைக்கணும்னு திட்டம் போட்டாங்க. சிப்பி லார்வாக்களுக்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பே விஷம். அலையைத் தடுக்க மெரினாவை எவ்வளவு மூடுறோமோ, அழுக்கும் அவ்வளவு உள்ளேயே தங்கும்.

என்ன செய்யலாம்?

இடைவெளியைக் கூட்டுறது முதல் வழி, ஆனா அதில் வாடகை போகும். அது முடியாத இடத்தில், நீள வரிசையை நடுநடுவே உடைச்சு காலி இடம் விடலாம், ரெண்டாவது வெளிவழி வைக்கலாம், ஸ்லிப்புக்கு ஒரு லீக்கேஜ் டிரிப் போடலாம், செம்பு இல்லாத பெயின்டுக்கு மாறலாம்.

ஸ்லிப் எண்ணிக்கையை ஒரு பிளானில் குறிக்கப் போறது நாளைக்கு நம்மில் ஒருத்தராகவும் இருக்கலாம். மெரினாவோ, ஹாஸ்டலோ, ஈவி சார்ஜிங் பார்க்கிங்கோ, கேள்வி ஒண்ணுதான்: இதில் ஒண்ணு கெட்டா, பக்கத்தில் இருக்கிறது எது வழியா கெடும்? அந்த வழியைக் கண்டுபிடிச்சு அடைச்சிட்டு, அப்புறம் நெருக்குங்க.